பேருந்து நிலையம் வரை ஒரு ஸ்கூட்டர் போதும்!

ஓமலூர்ப் பக்கத்தில் முதல் ஸ்கூட்டர் வாங்கப் போகிற குடும்பம் ஷோரூமில் மைலேஜைக் கேட்கிறது, நிறத்தைக் கேட்கிறது, மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறது. கேட்காமல் விடுவது ஒன்றைத்தான்: இந்த வண்டி தினமும் எங்கிருந்து எங்கே வரைக்கும் ஓடப்போகிறது? வேலைக்குப் போகும் பெண் வீட்டு வாசலிலிருந்து சேலம் வரைக்கும் அதிலேயே போகப்போகிறாரா, அல்லது ஓமலூர் பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டவுன் பஸ் ஏறப்போகிறாரா? இந்த ஒரு கேள்விக்கான பதிலை வைத்துத்தான் பெட்ரோல் செலவு, வண்டியின் வகை, கடனின் அளவு, சாலையில் உயிருக்கு இருக்கும் ஆபத்து எல்லாமே மாறுகின்றன. சேலம் வரை வண்டியிலேயே போய்வருவதுதான் வசதி என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பேருந்து நிலையம் வரைக்கும்தான் ஸ்கூட்டர் தேவை. இந்தக் கணக்கைக் குடும்பங்களைவிட முக்கியமாக அரசு போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே கோட்டில் வேலை, நாலாபுறமும் ஊர்கள்

சேலத்திலிருந்து ஓமலூர் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரையொட்டிப் போகிறது. மேட்டூருக்கும் தாரமங்கலத்துக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. ரயில் பாதையும் இங்கேதான் தருமபுரி வழியாகப் பெங்களூருவுக்கு ஒன்றும், மேட்டூர் அணைக்கு ஒன்றுமாகப் பிரிகிறது. சேலம் விமான நிலையம் இருப்பதும் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில்தான்.

வேலை கிடைக்கும் இடங்களோ ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கின்றன. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும். அதைத் தாண்டினால் மாமாங்கம், ஜாகீர் அம்மாபாளையம், குரங்குச்சாவடி, கடைசியில் ஐந்து ரோடு. ஜவுளிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை, ஸ்கேன் மையம், நிதி நிறுவனம், தனியார் பள்ளி என்று சுற்றுவட்டாரப் பெண்கள் வேலை பார்க்கும் இடங்களில் பெரும்பகுதி இந்தச் சாலையிலோ, அதிலிருந்து பிரியும் தெருக்களிலோ இருக்கிறது. இந்தத் தடத்தில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றை விட்டால் அடுத்தது வரும்.

வேலைக்குப் போகிறவர்களின் ஊர்கள் அப்படி ஒரே கோட்டில் இல்லை. காடையாம்பட்டி, தொளசம்பட்டி, பஞ்சுகாளிப்பட்டி, பெரியேரிப்பட்டி, முத்துநாயக்கன்பட்டி என்று நாலாபுறமும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள குக்கிராமங்களும் காட்டுக்குள் இருக்கும் தனி வீடுகளும் இன்னும் உள்ளே. அங்கெல்லாம் பேருந்துக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தை விட்டால் மெயின் ரோடு வரைக்கும் நடை, இல்லாவிட்டால் தெரிந்தவர் யாராவது வண்டியில் வந்தால் தொற்றிக்கொண்டு போக வேண்டும். இருபது கிலோமீட்டர் பயணத்தில் சிக்கல் இருப்பது இந்த முதல் ஐந்து கிலோமீட்டரில்தான். ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் ஒரு வீட்டில் எழுவதும் அந்த ஐந்து கிலோமீட்டரால்தான். ஆனால், வண்டி வந்துவிட்ட பிறகு அது இருபது கிலோமீட்டரும் ஓடத் தொடங்கிவிடுகிறது.

சைக்கிள் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, பேருந்து வந்தது

பெண்களின் பயணத்தைத் தமிழ்நாட்டு அரசியல் கண்டுகொள்ளாமல் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரித் தொழிலாளர்கள் முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் வரை பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் மிதித்தார்கள். 2001-02இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய அரசு, சில ஆண்டுகளில் அதை எல்லாப் பிரிவினருக்கும் விரிவாக்கியது. அன்று பள்ளிக்குச் சைக்கிளில் போன பெண்கள்தாம் இன்று வேலைக்குப் போகிறார்கள். இரண்டு சக்கரத்தின் மேல் உட்காரும் பயம் அவர்களுக்குப் பதினாறு வயதிலேயே போய்விட்டது.

அதற்கடுத்த படி 2018இல் வந்தது. ஜெயலலிதா 2016 தேர்தல் அறிக்கையில் சொன்னபடி, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் அவரது பிறந்தநாளான பிப்ரவரி 24 அன்று சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் பிரதமர் நரேந்திர மோடி. முதலமைச்சராக இருந்தவர் சேலம் மாவட்டத்துக்காரரான எடப்பாடி கே. பழனிசாமி. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மானியம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் 125 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு என்பது இலக்கு.

இந்தத் திட்டத்தில் மானியத் தொகையைவிடப் பெரிய பலன் ஒன்று இருந்தது. ஓட்டுநர் உரிமமோ, பழகுநர் உரிமமோ விண்ணப்பிக்கும் பெண்ணின் பெயரில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் எல்.எல்.ஆர். எடுப்பதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் வரிசைகட்டி நின்றார்கள். வீட்டு வண்டியை உள்ளூரில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பெயரில் ஓர் உரிமம் வேண்டும் என்று முதன்முதலாகப் படியேறிய தருணம் அது.

2021இல் ஆட்சி மாறியது. மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மே 7 அன்றே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மாதம் பத்து, பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் அது சிறிய தொகை இல்லை. ஆனால், பேருந்து வந்த வேகத்தில் ஸ்கூட்டர் திட்டம் காணாமல் போனது. ஓர் ஆட்சி ஸ்கூட்டர் கொடுத்தது, அடுத்த ஆட்சி பேருந்து கொடுத்தது, இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதுபோல மேடைகளில் பேச்சு நடந்தது. தொளசம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த இரண்டும் ஒரே பயணத்தின் இரண்டு பாதிகள். முதல் பாதிக்கு ஸ்கூட்டர், இரண்டாம் பாதிக்குப் பேருந்து.

ஒரு மாதக் கணக்கு

வீட்டிலிருந்து ஓமலூர் 5 கிலோமீட்டர், அங்கிருந்து சேலம் 15 கிலோமீட்டர். போகவர 40. மாதம் 25 வேலை நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற 110 சி.சி. ஸ்கூட்டருக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் பெட்ரோல் 2,220 ரூபாய். சர்வீஸ், ஆயில், டயர் தேய்மானத்துக்கு மாதம் 300 ஒதுக்கலாம்.

அடுத்தது கடன். ஷோரூமில் பைனான்ஸ்காரர் உட்கார்ந்திருக்கும் மேசையில்தான் நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. துண்டுச் சீட்டில் அவர் எழுதிக் காட்டுவது இப்படி இருக்கும்: கடன் 70,000, வட்டி 10 சதவீதம், 36 மாதம், தவணை 2,528. பத்து சதவீதம்தானே என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்த வட்டி மூன்று ஆண்டுகளுக்கும் முழு 70,000 ரூபாய்க்குப் போடப்பட்ட நிலையான வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாது. மூன்று ஆண்டு வட்டி 21,000 ரூபாய். வங்கிகள் கணக்கிடுவதுபோலக் குறையும் அசலுக்கு வட்டி போட்டால் இது ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். ஆகவே, ‘வட்டி எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் போதாது. ‘மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்’ என்று கேட்க வேண்டும். அந்தத் தொகையோடு கூட்டுறவு வங்கியிலோ, மகளிர் குழுவிலோ கிடைக்கும் கடனை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். சேலம் வரை வண்டியிலேயே போனால் தவணை 2,528, பெட்ரோல் 2,220, பராமரிப்பு 300. ஆக மாதம் 5,048 ரூபாய். சம்பளம் 12,000 என்றால் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் சாலையிலேயே போய்விடுகிறது. இலவசப் பேருந்தால் மிச்சமாகும் 888 ரூபாயும் இந்தப் பெண்ணுக்கு இல்லை. அவர்தான் பேருந்தில் ஏறுவதே இல்லையே.

அதே பெண் ஓமலூர் வரை மட்டும் வண்டியில் போனால் ஓட்டம் மாதம் 250 கிலோமீட்டர். பெட்ரோல் 556 ரூபாய். பராமரிப்பு 100 போதும். பேருந்து நிலைய வண்டி ஸ்டாண்டுக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்றால் 250. தவணையோடு சேர்த்து 3,434 ரூபாய். மாதம் 1,600 ரூபாய்க்குமேல் வித்தியாசம். மூன்று ஆண்டு தவணைக் காலத்தில் அது 58,000 ரூபாய். வண்டியின் விலையில் பாதிக்குமேல் இப்படியே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

நெடுஞ்சாலை யாருக்காகப் போட்டது?

பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறாது. ஓமலூருக்கு வடக்கே தொப்பூர் கணவாய். வடக்கிலிருந்து வரும் சரக்கு லாரிகள் அந்த இறக்கத்தில் இறங்கி வருவது ஓமலூர், கருப்பூர் வழியாகத்தான். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுக்கும் வாகனங்களுக்கு நடுவே, சிறிய சக்கரங்கள் கொண்ட, நூறு கிலோவுக்குச் சற்று முன்பின் எடையுள்ள ஸ்கூட்டர் ஓரமாக ஓடுகிறது. பக்கச் சாலை முடியும் இடங்களிலும், எதிர்த்திசையில் வண்டிகள் வரும் இடங்களிலும் என்ன நடக்கிறது என்பது தினமும் அந்த வழியே போகிறவர்களுக்குத் தெரியும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். அந்த ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம் ஊரில் பின்னால் உட்காருவது பெரும்பாலும் பெண்ணும் குழந்தையும்தான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு கண்டிப்புக் காட்டியது. 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 1,000 ரூபாய். போலீஸ் நிற்கும் இடத்தில் தலையில் ஏறி, தாண்டியதும் கைப்பிடிக்குப் போய்விடும் ஹெல்மெட்டால் யாருக்கும் பயனில்லை. முதல் வண்டி வாங்கும்போதே இரண்டு ஹெல்மெட்டை விலையோடு விலையாகச் சேர்த்துவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை வண்டியோடு தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது, கேட்டு வாங்கலாம். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, சேலையும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் மறைப்பு ஆகியவையும் விதிப்படி வண்டியோடு வர வேண்டியவை. அவற்றுக்குத் தனிக்காசு என்றால் எதற்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஐந்து கிலோமீட்டருக்கு எந்த வண்டி?

பேருந்து நிலையம் வரைக்கும்தான் என்று முடிவாகிவிட்டால், வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிறது. இந்த வட்டாரத்தில் முதல் வண்டி என்பது நீண்ட காலம் மொபெட்தான். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, பூக்கூடையையும் பால் கேனையும் குச்சிக்கிழங்கு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனது. அதே காலத்தில் பஜாஜ் சேத்தக் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1990-களில் ஸ்கூட்டியும், 2001இல் ஆக்டிவாவும் வந்த பிறகுதான் கிக்கரை உதைக்கவோ கியர் மாற்றவோ தேவையில்லாத வண்டி வீட்டுப் பெண்களின் கைக்குப் பரவலாக வந்தது. இன்றும் வீட்டில் தோட்டம், மாடு இருந்தால் எக்ஸ்எல் போன்ற மொபெட்டே பொருத்தம். வேலைக்குப் போகிறவருக்கும் குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிடுகிறவருக்கும் ஸ்கூட்டர்.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் புது வண்டிதான் வேண்டும் என்பதில்லை. ஒரே கை ஓட்டிய, சர்வீஸ் புத்தகம் உள்ள பழைய ஸ்கூட்டர் போதும். தவணையும் இராது. ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இன்னும் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, பதிவுக் காலமான 15 ஆண்டில் எத்தனை மிச்சம் என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். வண்டி கைமாறியதும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வேறு யாரோ பெயரில் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து அலைய வேண்டிவரும்.

மின்சார ஸ்கூட்டர் நம் பகுதிக்கு அருகிலேயே தயாராகிறது. ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் வண்டி தயாரிக்கின்றன. இரண்டும் இதே வடக்கு நெடுஞ்சாலையின் பக்கம்தான். சரக்கு சேவை வரி 5 சதவீதம்; மாநிலச் சாலை வரியை அரசு விலக்கி வைத்திருக்கிறது. மாதம் 250 கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் மின்சாரம் போதும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை வீட்டுக்கு இலவசம் என்பதால் பல வீடுகளில் அது கணக்கிலேயே தெரியாது. சொந்த வீடும், வண்டி நிறுத்தும் இடத்தில் நல்ல எர்த் உள்ள பிளக்கும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. லைன் வீட்டில் குடியிருந்து, உள் மீட்டருக்கு வீட்டுக்காரர் சொல்லும் கணக்கில் பணம் கட்டுபவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், சர்வீஸ் மையம் ஓமலூரில் இருக்கிறதா, சேலத்துக்கு ஓட வேண்டுமா என்பதை விளம்பரத்தைப் பார்க்கும் முன் விசாரிக்க வேண்டும்.

புதிய பெட்ரோல் வண்டி என்றால் ‘ஆன் ரோடு’ விலைச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. மாநில ஆயுள் வரியோ 2023 நவம்பரில் 8 சதவீதத்திலிருந்து உயர்ந்தது: ஒரு லட்சம் ரூபாய் வரை 10, அதற்குமேல் 12. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 75 முதல் 150 சி.சி. வரை அதன் கட்டணம் வரிக்கு முன் 3,851 ரூபாய். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் பெயரில் 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவை போக ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், எதற்கு என்று கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் அது மறைந்துவிடும்.

யார் பெயரில் வண்டி?

பெண்ணின் பயணத்துக்காகக் கடன் வாங்கி, கணவர் பெயரிலோ அப்பா பெயரிலோ பதிவு செய்வது நம் வீடுகளில் சகஜம். உரிமையாளருக்கான அந்தப் பதினைந்து லட்சம் காப்பீடு, பதிவுச் சான்றில் பெயர் உள்ளவருக்கானது. அவரிடம் செல்லுபடியாகும் உரிமமும் இருக்க வேண்டும். தினமும் வண்டியை ஓட்டுவது மகள், காப்பீடு அப்பாவுக்கு என்றால் அந்தப் பாதுகாப்பால் மகளுக்கு என்ன பயன்? வண்டியும் உரிமமும் ஓட்டுகிறவர் பெயரில் இருக்கட்டும். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் வந்துவிடும். ஒரு மாத வேலையை ஒத்திப்போட்டு ஆண்டுக்கணக்கில் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்; பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கு வரும் முதல் வண்டியைப் பதினோராம் வகுப்புப் பையன் சாயங்காலத்தில் எடுத்துக்கொண்டு போவதைப் பெருமையாகப் பார்க்கிறோம். 18 வயது ஆகாதவர் இந்த வண்டியை ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்; வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். அம்மா வேலைக்குப் போக வாங்கிய வண்டி மகனால் முடங்கிப்போகும்.

எதிர்வாதங்கள்

‘பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியில் போய்ச் சேர்ந்துவிடலாமே’ என்பார்கள். உண்மைதான். இரவுப் பணி முடித்து வரும் செவிலியருக்கும், கடை சாத்தி ஒன்பதரைக்கு வெளியே வரும் விற்பனைப் பெண்ணுக்கும் பேருந்தை நம்பு என்று சொல்வது அறிவுரையாகாது. அவர்கள் சேலம் வரை வண்டியில் போவதே சரி. கருப்பூருக்குள் வேலை பார்ப்பவர்களுக்கும் தூரம் குறைவு என்பதால் கணக்கு வேறு. நான் சொல்வது, காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பெருங்கூட்டத்தைப் பற்றி.

‘சொந்த வண்டி என்பது பெண்ணுக்குச் சுதந்திரம், அதைப் பேருந்து நிலையத்தோடு நிறுத்தச் சொல்வதா?’ என்பது இரண்டாவது கேள்வி. அந்தச் சுதந்திரம் கிடைப்பதே முதல் ஐந்து கிலோமீட்டரில்தான். காலையில் கணவர் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டாம். மாலையில் மெயின் ரோட்டில் இறங்கி, ‘கூட்டிட்டுப் போக வா’ என்று தம்பிக்குப் போன் போட்டுவிட்டு இருட்டில் நிற்க வேண்டாம். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாம். வேன் கட்டணம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம். லாரிகளுக்கு நடுவே தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டுவது இந்தச் சுதந்திரத்தில் எதையும் கூட்டுவதில்லை.

அரசு செய்ய வேண்டியவை

குடும்பம் இப்படி ஒரு முடிவெடுக்க வேண்டுமானால் ஓமலூர் பேருந்து நிலையத்தில் வண்டியை நம்பி விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். வெயிலும் மழையும் படாத கூரை, இரவு கடைசிப் பேருந்து வரும் வரை விளக்கு, கேமரா, ஒரு காவலாள், வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கட்டணமில்லா மாதச் சீட்டு, நாலைந்து சார்ஜிங் பிளக். பேருந்துக் கட்டணத்தையே தள்ளுபடி செய்த அரசுக்கு ஸ்டாண்டுக் கட்டணம் பெரிய சுமையாக இருக்காது. தாரமங்கலம், காடையாம்பட்டி, தீவட்டிப்பட்டி என்று பேருந்து அடிக்கடி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் இதைச் செய்யலாம்.

அடுத்தது வரி. ஏழைப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் மானியம் கொடுத்த மாநிலம், இன்று அதே பெண்ணிடம் வண்டி விலையில் பத்து சதவீதத்தை ஆயுள் வரியாக வாங்குகிறது. ஸ்கூட்டர் மானியத்தை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவரட்டும். பெயரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. உடனே அது முடியாது என்றால், பழைய வருமான வரம்புக்குள் வரும் வேலைக்குப் போகும் பெண் தன் பெயரில், தன் உரிமத்தோடு வாங்கும் முதல் ஸ்கூட்டருக்கு ஆயுள் வரியையாவது விலக்க வேண்டும். உரிமம் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது. 2018 திட்டத்தின் மிக நல்ல பகுதி அதுதான்.

மூன்றாவது, உள்ளூர்ப் பேருந்து. 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் நாளடைவில் தேய்ந்துபோனது. புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. பேருந்தே போகாத பகுதிகளை வழித்தடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பேருந்துகள் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும், மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் ஓமலூர் வட்டாரத்தின் உள்ளூர்களுக்கு ஒழுங்காக வந்தால், பல வீடுகளில் ஸ்கூட்டருக்கே தேவை இராது. கடனில் வாங்கும் ஸ்கூட்டர் என்பது, வராத பேருந்துக்காக அந்தக் குடும்பம் மாதாமாதம் கட்டும் அபராதம்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் உங்கள் வீட்டிலிருந்து பேருந்து அடிக்கடி நிற்கும் இடம் வரைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். அந்தத் தூரத்துக்கான வண்டியை மட்டும், ஓட்டப் போகிறவரின் பெயரில், அவரது உரிமத்தோடு, இரண்டு ஹெல்மெட்டோடு வாங்குங்கள். மீதித் தூரத்துக்குப் பேருந்து இருக்கிறது.